நூற்றெண்பது நீல வாய்கள்

செவ்வாய்க்கிழமை காலை வினார்த்தி தன் நகப்பூச்சைக் காணாமல் தேடிக்கொண்டிருந்தாள். அலமாரி, தையல் பெட்டி, குளியலறை மாடம் எல்லாம் பார்த்துவிட்டுக் கடைசியில் என் ஜெராக்ஸ் கடைக்கு வந்து, "அக்கா, நீங்க எடுத்தீங்களா?" என்று கேட்டாள். எனக்கு நகம் வளர்வதில்லை. நாள் முழுக்கக் காகிதத்தைப் புரட்டுகிற கைகள். இரண்டையும் நீட்டிக் காட்டினேன். அவள் திரும்பிப் போய் ஐந்து நிமிடம் ஆகியிருக்காது, சுவருக்கு அந்தப் பக்கம் கத்தல் கேட்டது.

சுவர் என்று சொல்வது மரியாதைக்கு. லோடோயோ சந்தைத் தெருவில் எங்கள் வரிசைக் கடைகளைப் பிரிப்பது ஒற்றைப் பலகைதான். பக்கத்துக் கடையான சினார் போட்டோ ஸ்டூடியோவில் யாராவது ஸ்டூலை இழுத்தால் என் மேசையில் இருக்கும் தேநீர் நடுங்கும். வினார்த்தியும் அவள் கணவன் பர்யோனோவும் பதினோரு வருடமாக அங்கே பேசிக்கொண்டதை எல்லாம் நான் கேட்டிருக்கிறேன். கேட்கக்கூடாது என்று நினைத்தால் ஜெராக்ஸ் மெஷினை ஓடவிட வேண்டும். அதற்கு யாராவது வாடிக்கையாளர் வரவேண்டும்.

"என்ன மாஸ் இது?" வினார்த்தியின் குரல். எங்கள் பக்கத்தில் மனைவி கணவனை 'மாஸ்' என்பாள், அவன் அவளை 'திக்' என்பான்.

"கலர் அடையாளம். ரோஸ்னா முகம். சிவப்புன்னா பேக்ரவுண்டு. பச்சையும் வேணும். உங்கிட்ட பச்சை இல்லையே திக்?"

"ஏ எங்க இருக்கு? எஸ் எங்க? ஒரு எழுத்தும் தெரியல!"

"எழுத்து எதுக்கு? விரலுக்குத் தெரிஞ்சாப் போதும்."

நான் எட்டிப் பார்த்தேன். விசைப்பலகையில் பாதி பட்டன்கள் ரோஸ் நிறத்தில் பளபளத்தன. பூச்சு இன்னும் காயவில்லை. பர்யோனோ குனிந்து அவற்றை ஊதிக்கொண்டிருந்தான், அடிபட்ட குழந்தையின் முழங்காலை ஊதுகிற மாதிரி.

பர்யோனோ கெட்ட படக்காரன் இல்லை. அவன் கேமராவுக்கு முன்னால் உட்கார வைத்தால் கைக்குழந்தைகூட அழுகையை நிறுத்திவிட்டு அவனைப் பார்க்கும். அவனுடைய கோளாறெல்லாம் கணினியில். இரண்டு வருடம் முன்பு, சுரபாயாவிலிருந்து ஒருவர் போடும் வீடியோக்களைப் பார்க்க ஆரம்பித்தான். பத்து விநாடியில் முடிகிற வேலையை ஒரு நிமிடம் செய்கிறவன் முட்டாள் என்பது அந்த மனிதரின் கட்சி. அன்றிலிருந்து, பத்து விநாடியில் செய்வது எப்படி என்று கண்டுபிடிக்க பர்யோனோ மூன்று நாள் எடுத்துக்கொள்கிறான். கண்டுபிடித்தபின் அந்த வேலை மறுபடி வருவதில்லை. வேறு வேலை வரும், அதற்கு வேறு மூன்று நாள்.

மற்ற மாதங்களில் இது வீட்டுச் சண்டையோடு போகும். இது ஏப்ரல். ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் தொழிற்பள்ளியின் கடைசி வகுப்புப் பிள்ளைகள் முந்நூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் சான்றிதழில் ஒட்டுகிற படம் தயாராக வேண்டிய மாதம். கைபேசி வந்தபிறகு ஸ்டூடியோவுக்கு யார் வருகிறார்கள்? வருடத்துக்கு நாலு கல்யாணம், ஐந்து நிச்சயதார்த்தம். மற்றபடி அந்த வீட்டு அடுப்பு எரிவது அந்தப் பள்ளியால்தான். போன வருடம் இரண்டு நாள் தாமதம். தலைமையாசிரியை இபு ரெத்னோ, அதாவது ரெத்னோ அம்மா, நேரிலேயே வந்து, இந்தத் தெரு கேட்கும்படி சொல்லிவிட்டுப் போனார். அடுத்த முறை ஒரு மணி நேரம் பிந்தினாலும் பிளித்தார் நகரத்திலிருந்து வேறு ஆளை வரவழைத்துக்கொள்வாராம். இந்த முறை கெடு சனிக்கிழமை மதியம் இரண்டு மணி. அதற்குள் எல்லாப் படங்களும் கல்வித்துறையின் கணினிக்கு ஏறியாக வேண்டும்.

வேலை கடினமானது இல்லை. ஒற்றைப்படை வருடத்தில் பிறந்தவர்களுக்குப் பின்னணி சிவப்பு, இரட்டைப்படை வருடத்தில் பிறந்தவர்களுக்கு நீலம். ஏன் என்று யாரும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை. ஸ்டூடியோவின் நீலத் துணி போன மழையில் பூஞ்சை பிடித்துப்போனதால் எல்லோரையும் சிவப்புத் துணி முன்னாலேயே நிற்க வைத்து எடுத்துவிட்டான். நூற்று முப்பத்திரண்டு பேர் ஒற்றை, அவர்களுக்கு அப்படியே விட்டுவிடலாம். நூற்றெண்பது பேர் இரட்டை. அந்த நூற்றெண்பது படத்திலும் சிவப்பை நீலமாக்க வேண்டும். இவ்வளவுதான்.

புதன்கிழமை மூன்று மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. மழைக்காலம் போகிறேன் போகிறேன் என்று சொல்லிக்கொண்டு வாசலிலேயே நிற்கும் நாட்கள் அவை. காலையில் மண்டை பிளக்கும் வெயில், மதியத்துக்குமேல் தகரக் கூரையில் சரளை கொட்டுகிற சத்தம். சந்தைக்காரர்கள் மிளகாய்ச் சாக்குகளைத் தார்ப்பாயில் மூடிக்கொண்டு ஓடினார்கள். வினார்த்தி தலையில் ஒரு பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக்கொண்டு இரண்டு பொட்டலத்தோடு வந்தாள். முனைக்கடை கத்மி அக்காவின் பெசெல் சோறு. இலையைப் பிரித்ததும் கடலைச் சாந்தின் காரமும் கெஞ்சூர் கிழங்கின் வாசனையும் கடை முழுக்க ஏறிவிட்டது. வேகவைத்த காராமணிக் காயையும் கங்குங் கீரையையும் சாந்தில் புரட்டி, மேலே நிலக்கடலை வடைத் தகட்டை நொறுக்கிப் போட்டுக்கொண்டு, என் மேசையிலேயே சாப்பிட உட்கார்ந்தாள்.

"இன்னைக்கு எத்தனை முடிஞ்சுது?" என்று கேட்டேன்.

"சைபர்."

"நேத்து?"

"நேத்தும் சைபர். ஆனா நேத்து சைபர் மெதுவா வந்துச்சாம். இன்னைக்கு வேகமா வந்துருக்காம்."

"என்னதான் பண்றான் உள்ள?"

"ஆக்‌ஷன் பண்றாராம். ஒரு படத்துல செய்யறதை ஒரு தடவை கம்ப்யூட்டருக்குக் காட்டிக் கொடுத்துட்டா, அதுவே மிச்ச நூத்தியெழுவத்தொம்பதையும் செஞ்சுருமாம். இவரு கால்மேல கால் போட்டுக்கிட்டு காப்பி குடிப்பாராம்."

"நல்ல விஷயம்தானே?"

"நல்ல விஷயம்தான் அக்கா. யாரு இல்லைன்னா? ஆனா அந்த ஒரு தடவை காட்டறதுக்கே ரெண்டு நாளா காட்டறாரே. நான் கையால போட்டா ஒரு படத்துக்கு மூணு நிமிஷம். செவ்வா அறுபது, புதன் அறுபது, வியாழன் அறுபது. வெள்ளிக்கிழமை கால் நீட்டித் தூங்கலாம். சொன்னேன். அதுக்கு என்ன சொன்னாரு தெரியுமா? 'நீ கழுதை மாதிரி உழைக்கிற திக்'. கழுதையாம். அந்தக் கழுதை ஆக்கிப்போடற சோத்தை மட்டும் மூணு வேளையும் திங்கிறாரு."

"நாற்காலியைப் பிடுங்கிக்க வேண்டியதுதானே?"

"பிடுங்கி?" அவள் விரலால் மேசையைத் தட்டினாள். "உக்காந்தா எந்தப் பட்டன் எதுன்னு தெரியுதா? எல்லாம் என் நகப்பூச்சு."

அவள் சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும் வந்தது. ஆனால் சிரித்து முடித்ததும் இலையைச் சுருட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் மழையையே பார்த்தாள். "இந்த வருஷமும் போச்சுன்னா என்ன பண்றதுன்னு தெரியல அக்கா" என்றாள். "எங்க அண்ணன் கடல் தாண்டிக் கலிமந்தான்ல பாமாயில் தோட்டத்துக்கு வான்னு கூப்பிட்டுக்கிட்டே இருக்கான். எனக்குப் போக இஷ்டமில்ல. இவரு அங்க போய் என்ன பண்ணுவாரு? குலையை வேகமா அறுக்கறது எப்படின்னு மூணு நாள் யோசிப்பாரு."

வியாழக்கிழமை அவள் துணிந்துவிட்டாள். பர்யோனோ கழிப்பறைக்குப் போன நேரம் பார்த்து நாற்காலியில் உட்கார்ந்தாள். ஒரு பையனின் படத்தைத் திறந்தாள். பெரிதாக்கினாள். மூக்கோரம் ஒரு பரு இருந்ததைத் துடைத்தாள். அதற்குள் பர்யோனோ ஓடிவந்தான்.

"தொடாத! தொடாத! ரெக்கார்டு ஓடிக்கிட்டு இருக்கு!"

"ஓடினா ஓடட்டும். நான் ஒரு பத்துப் படமாவது முடிக்கறேன்."

"நீ செய்யறதை எல்லாம் அது கத்துக்குது திக்! இப்ப நூத்தியெம்பது பிள்ளைங்க மூக்கையும் அது பெரிசாக்கிப் பரு தேடும்!"

"பரு இல்லாத மூக்குல?"

"அதே இடத்துல துடைச்சுட்டுப் போகும். சில பேருக்கு அந்த இடத்துல கண்ணு இருக்கும்."

பலகைக்கு இந்தப் பக்கம் நான் வாயைப் பொத்திக்கொண்டேன். அந்தப் பக்கம் நாற்காலி பின்னால் தள்ளப்படும் சத்தம் கேட்டது. பிறகு வினார்த்தி, "அப்போ திரும்பவும் முதல்லேர்ந்தா?" என்று கேட்டாள். குரலில் கோபம்கூட இல்லை.

"முதல்லேர்ந்து" என்றான் பர்யோனோ.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வந்தவன் வாசலில் செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றவில்லை. கொஞ்ச நேரத்தில், "அக்கா! வாங்க! திக்! வா!" என்று கூப்பிட்டான். நாங்கள் இருவரும் போய் அவன் முதுகுக்குப் பின்னால் நின்றோம்.

"இந்த ஃபோல்டர்ல நூத்தியெம்பது படம். எல்லாம் இரட்டைப்படை. பாருங்க." ரோஸ் நிறப் பட்டன் ஒன்றைத் தொட்டான்.

திரையில் ஒரு பெண் வந்தாள். அவள் பின்னால் இருந்த சிவப்பு நீலமாயிற்று. அவள் போனாள். ஒரு பையன் வந்தான். சிவப்பு, நீலம், போனான். பிள்ளைகள் ரயில் பெட்டி ஜன்னல்கள் போல ஓட ஆரம்பித்தார்கள். ஒரு முகத்தைப் பார்ப்பதற்குள் அடுத்தது வந்துவிட்டது. வெள்ளைச் சட்டை, வெள்ளை முக்காடு, நீலம், நீலம், நீலம். ஒரு ஊரே கடலுக்குள் இறங்குவதைக் கரையில் நின்று பார்ப்பதுபோல் எனக்கு இருந்தது. பர்யோனோ இரண்டு கைகளையும் தலைக்குமேலே தூக்கிக் காட்டினான். "தொடலை பாருங்க. நான் எதையும் தொடலை."

"சரியா வருதா?" என்றாள் வினார்த்தி.

"மூணு படம் தனியா போட்டுச் சோதிச்சுட்டேன். அச்சு அசல்."

நான்கு நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. வினார்த்தி உள்ளே போய் அவனுக்குக் காப்பி போட்டுக்கொண்டு வந்தாள், சர்க்கரை இரண்டு கரண்டி கூடுதலாகப் போட்டு. அதைக் குடித்துவிட்டு அவன் ஒரு நிச்சயதார்த்தம் எடுக்கக் கிளம்பிப் போனான்.

சனிக்கிழமை காலை எட்டேகால் மணி. வினார்த்தி படங்களைப் பென் டிரைவில் ஏற்ற உட்கார்ந்தாள். அதற்கு முன்னால் ஒன்றையாவது பெரிதாக்கிப் பார்ப்போம் என்று நினைத்திருக்கிறாள்.

அந்தக் கத்தலை எப்படிச் சொல்வது? தேநீர் நடுங்கவில்லை, கவிழ்ந்தது.

நான் போனபோது அவள் நாற்காலியை விட்டு எழுந்து சுவரோடு ஒட்டி நின்றிருந்தாள். திரையில் முக்காடு போட்ட ஒரு பெண். அழகான பெண். உதடு முழுக்க நீலம். நாவல் மரத்தடியிலேயே குடியிருப்பவள் மாதிரி.

"அடுத்ததைப் பாருங்க அக்கா" என்றாள் வினார்த்தி.

அடுத்தவளும் நாவல் பழம். அதற்கடுத்த பையனுக்கு உதடு மட்டுமில்லை, காது மடல் ஓரமும் கன்னத்துப் பருக்களும் நீலம். பர்யோனோ பல்துலக்கியை வாயில் வைத்தபடி வந்தான். பார்த்தான். நுரை வழிந்து பனியனில் விழுந்தது.

"சிவப்பைத் தேடுன்னு சொன்னேன்" என்றான் மெதுவாக. "அது நல்லாத் தேடியிருக்கு."

"சோதிச்சேன்னீங்களே!"

"மூணு படம் சோதிச்சேன்."

"எந்த மூணு?"

அவன் காட்டினான். மூன்றும் ஒற்றைப்படைப் பட்டியலிலிருந்து எடுத்த மோட்டார் பிரிவுப் பையன்கள். பள்ளிச் சுவருக்குப் பின்னால் நின்று லவங்கச் சிகரெட் பிடிக்கிறவர்கள் என்று ஊருக்கே தெரியும். மூன்று பேர் உதடும் கரிக்கட்டை. நீலம் பிடிக்க அதில் சிவப்பு ஏது?

"பழைய படம் எங்க?" வினார்த்தி கேட்டாள். "மாத்தறதுக்கு முன்னாடி இருந்த படம்?"

பர்யோனோ போய் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தான். "அதே பேர்லயே சேவ் ஆகற மாதிரி வெச்சிருந்தேன். ரெண்டு ரெண்டா இருந்தா எடம் வீணாகுமே."

"கேமரா கார்டுல?"

"நேத்து நிச்சயதார்த்தத்துக்குக் கார்டு வேணும்ல? சுத்தமா அழிச்சுட்டுத்தான் போனேன்."

அவள் அவனைப் பார்த்தாள். நான் இதுவரை அப்படி ஒரு பார்வையை எந்தப் பெண்ணின் முகத்திலும் பார்த்ததில்லை. கோபமென்றால் தாங்கிக்கொள்ளலாம். ஒரு பெரிய கட்டடத்தை அண்ணாந்து பார்ப்பதுபோல் பார்த்தாள், இவ்வளவு உயரமா என்று.

"பிள்ளைங்களைத் திரும்பக் கூப்பிட்டு எடுத்துரலாம்" என்றான் அவன்.

"பரீட்சை முடிஞ்சு முக்கால்வாசிப் பேரு ஊருக்குப் போயாச்சு. இன்னைக்கு ரெண்டு மணிக்கு நூத்தியெம்பது பேரை எங்கேர்ந்து கூப்பிடுவீங்க? அதுக்கும் ஒரு பட்டன் இருக்கா?"

பிறகு அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். மேசை டிராயரின் அடியில் மறந்து கிடந்த பழைய விசைப்பலகையை எடுத்தாள். எழுத்துகள் தேய்ந்து போயிருந்தாலும் எழுத்துகளாகவே இருந்தன. ரோஸ் விசைப்பலகையை அவன் கையில் கொடுத்தாள். கொடுத்தபின் என்ன நினைத்தாளோ, அதையும் இன்னொரு பக்கம் செருகிக்கொள்ளச் சொன்னாள்.

"நான் பிரஷ் வெச்சு உதட்டுக்குச் சிவப்பு போடறேன், காதுலயும் பருவுலயும் இருக்கற நீலத்தை மூடிடறேன். நீங்க படத்தைத் திறக்கணும், மூடணும். வேற எதையும் தொடக்கூடாது. வேற எதையும் பேசக்கூடாது. அக்கா, நீங்க லிஸ்டைப் பாத்து முடிஞ்ச பேரை அடிச்சுக்கிட்டே வாங்க."

நான் என் கடையின் தட்டியைப் பாதி இறக்கிவிட்டு வந்து உட்கார்ந்தேன். எட்டு நாற்பதுக்கு முதல் உதடு ஆரம்பமாயிற்று.

வாய் என்பது எத்தனை விதம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. மேலுதடு கோடு மட்டும் இருக்கிறவர்கள், கீழுதடு தலையணை மாதிரி இருக்கிறவர்கள், படம் எடுக்கிறார்கள் என்ற பயத்தில் உள்ளே மடித்துக்கொண்டவர்கள், சிரிப்பை விழுங்கியதில் ஒரு ஓரம் மட்டும் மேலே போனவர்கள். வினார்த்தி மவுஸை ஒரு விரலைப் போல நகர்த்தினாள். தன் குழந்தைக்குச் சோறு ஊட்டி வாய் துடைப்பதுபோல் இருந்தது. ஒவ்வொரு படத்தையும் திறக்கும்போது பர்யோனோவின் இடது கை நாலைந்து ரோஸ் பட்டன்களைச் சேர்த்துத் தட்டியது. திறக்க ஒன்று போதுமே என்று எனக்குத் தோன்றியது. வினார்த்தி கேட்கவில்லை. கேட்டால் அவன் விளக்க ஆரம்பித்துவிடுவான் என்ற பயம் எங்கள் இருவருக்கும் இருந்தது.

"பிரஷ்ஷைச் சின்னதாக்க நீ ஒவ்வொரு தடவையும் மேல போயிட்டு வர்ற பாரு" என்றான் இருபதாவது படத்தில். "அதுக்கு ஒரு—"

"மாஸ்."

"சொல்லல."

இருபத்தைந்தாவது படத்தில் அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு, "சதுர அடைப்புக்குறி பட்டன். அவ்வளவுதான். சொல்லி முடிச்சுட்டேன்" என்றான்.

அவள் காதில் விழாதது போலவே இருந்தாள். ஆனால் நாற்பதாவது படத்துக்குப் பக்கத்தில் அவள் இடது கை விரல் அந்த அடைப்புக்குறிக்குப் போய்வந்துகொண்டிருந்தது. அவன் பார்த்தான். நான் அவன் தொடையைக் கிள்ளி வைத்தேன்.

பத்தரைக்கு வெயில் தகரத்தில் ஏறியது. மின்விசிறி சூடான காற்றை எங்கள் மூன்று பேருக்கும் பங்கு போட்டுக் கொடுத்தது. நூறு ஆனபோது அவள் கண்ணைக் கசக்கினாள். நூற்றிருபதுக்குமேல் எல்லோருக்கும் ஒரே சிவப்புதான். முதலில் ஒவ்வொரு முகத்துக்கும் பார்த்துப் பார்த்து நிறம் கலந்தவள், இப்போது தேய்த்துக்கொண்டே போனாள். பர்யோனோ தேங்காய்ப்பால் ஊற்றிய ஐஸ் வாங்கிவந்து அவள் வாயருகே உறிஞ்சுகுழாயைப் பிடித்தான். திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் உறிஞ்சினாள்.

"இவன் பேரு?" என்றாள் வினார்த்தி.

"அக்கா, இவன் பேரென்ன?" என்று பர்யோனோ என்னைக் கேட்டான்.

"வெல்டிங் பிரிவு, பாங்குன்" என்றேன் நான், பட்டியலைப் பார்த்து.

"பாங்குனுக்குச் சிவப்பு. அடுத்தது."

பன்னிரண்டு நாற்பதுக்கு நூற்றெண்பதாவது வாய் சிவந்தது. பென் டிரைவைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு, "நீங்க இங்கயே இருங்க" என்று அவனிடம் சொல்லிவிட்டு என் ஸ்கூட்டரில் பின்னால் ஏறினாள். பாலத்தில் போகும்போது அவள் நெற்றி என் முதுகில் இடித்தது. தூங்கிவிட்டாளோ என்று பயந்து பேச்சுக் கொடுத்தேன்.

இபு ரெத்னோ தன் அறையில் எழுத்தர் சுகெங்கோடு காத்துக்கொண்டிருந்தார். கடிகாரத்தைப் பார்த்தார். "பரவாயில்லை, இந்த வருஷம் ஒரு மணி நேரம் முன்னாடி" என்றார். வினார்த்திக்கு உயிர் வந்தது. சுகெங் பென் டிரைவைச் செருகிப் படங்களைத் திறந்தார். இபு ரெத்னோ கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். முதல் படம், இரண்டாவது படம், மூன்றாவது படம். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார்.

"வினார்த்தி, படம் எடுத்த அன்னைக்கு நான் எங்க நின்னேன்னு ஞாபகம் இருக்கா?"

"கதவுகிட்ட, இபு."

"கையில என்ன வெச்சிருந்தேன்?"

வினார்த்தி கைக்குட்டையை விரலில் சுற்றினாள்.

"ஈர டிஷ்யூ வெச்சிருந்தேன். ஒவ்வொரு பொண்ணு வாயையும் என் கையால துடைச்சுத் துடைச்சு உள்ள அனுப்பினேன். லிப்ஸ்டிக் போட்ட படம் சான்றிதழ்ல வரக்கூடாதுன்னு. நான் துடைச்சதை எல்லாம் நீ திரும்பப் போட்டு அனுப்பியிருக்க. ஒவ்வொருத்திக்கும்."

"இபு, அது வந்து—"

"பொண்ணுங்களை விடு. சுகெங், இது யாரு?"

"நம்ம வெல்டிங் பிரிவுப் பையன் இபு. பாங்குன்."

"வெல்டிங் பண்றவன் வாயைப் பாருங்க. நாளைக்குக் கப்பல் பட்டறையில வேலைக்குப் போய்ச் சான்றிதழை நீட்டினா என்ன நினைப்பாங்க?"

சுகெங் திரைப்பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது.

"இரண்டு மணிக்குக் கல்வித்துறை மூடிரும்" என்றார் இபு ரெத்னோ. "உன் உழைப்பு எனக்குத் தெரியும்மா. ஆனா இதை ஏத்த முடியாது. ரெண்டுக்குள்ள வந்தா வாங்கிக்கிறேன். இல்லைன்னா திங்கக்கிழமை நான் பிளித்தாருக்குப் போன் பண்ணி, தேதி நீட்டிக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டு, வேற ஆளை வெச்சு எடுத்துக்கறேன். எனக்கும் வேற வழியில்ல."

திரும்பும்போது பாலத்தில் வினார்த்தி, "நிறுத்துங்க அக்கா" என்றாள். நிறுத்தினேன். இறங்கி, கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே ஓடும் பழுப்புத் தண்ணீரைப் பார்த்தாள். மணி ஒன்று ஐந்து. "நாலு மணி நேரம்" என்றாள். "நாலு மணி நேரம் உக்காந்து நூத்தியெம்பது பேருக்கு லிப்ஸ்டிக் போட்டிருக்கேன் அக்கா. அதுல எண்பது ஆம்பளைப் பசங்க." பிறகு மறுபடி ஏறிக்கொண்டாள்.

ஸ்டூடியோவில் பர்யோனோ இலையை விரித்துப் பெசெல் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தான். வினார்த்தி எதிரே போய் நின்றாள்.

"ரொம்பச் சிவப்பா இருக்காம். திருப்பி அனுப்பிட்டாங்க. போச்சு. கலிமந்தானுக்கு டிக்கெட் போடுங்க."

அவன் வாயிலிருந்ததை மென்று விழுங்கினான். "எவ்வளவு குறைக்கணும்?"

"என்னது?"

"சிவப்பை. பாதியா? மூணுல ஒரு பங்கா?"

"மாஸ், நான் விளையாடற நிலைமையில இல்ல."

"நானும் விளையாடல. நீ படத்து மேலயா வரைஞ்சே? ஒவ்வொரு படம் திறக்கும்போதும் மேல ஒரு வெறும் லேயர் போட்டுக் கொடுத்தேன். கண்ணாடித் தாள் மாதிரி. நீ வரைஞ்சதெல்லாம் அதுலதான் இருக்கு. அந்த லேயர்ல இருக்கற நிறத்தை மட்டும் வெளுக்க வெச்சா சிவப்பு தன்னால இறங்கிரும், அடியில இருக்கற நீலமும் தெரியாது. லேயரோட தனியா ஒரு ஃபோல்டர்ல எல்லாத்தையும் வெச்சிருக்கேன். இந்தத் தடவை அதே பேர்ல சேவ் பண்ணல."

கையைக் கழுவிக்கொண்டு வந்தான். முதலில் பாங்குனைத் திறந்து சிவப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினான். உதடு மங்கியது, மங்கியது, ஓரிடத்தில் வெறும் உதடாகிவிட்டது. "இங்கயா?" வினார்த்தி தலையாட்டினாள். ஒரு முக்காடுப் பெண்ணைத் திறந்தான். "இங்கயா?" தலையாட்டினாள். அதையே பதிந்தான். ரோஸ் பட்டன் ஒன்றைத் தொட்டான்.

பிள்ளைகள் மறுபடி ஓடினார்கள். இந்த முறை வினார்த்தி திரைக்கு மிக அருகில் குனிந்து ஒவ்வொரு வாயையும் பார்த்தாள். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். ஆறு நிமிடம்.

ஒன்று முப்பத்தைந்துக்கு இபு ரெத்னோ கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இருபது, முப்பது படங்களைப் பார்த்தார். பாங்குனை இரண்டு முறை பார்த்தார். சுகெங்கிடம் ஏற்றச் சொன்னார். ஏறி முடிந்ததும் வினார்த்தி பக்கம் திரும்பினார்.

"நல்லா வந்திருக்கு. இப்ப எவ்வளவு நேரம் ஆச்சு இதைச் சரிபண்ண?"

"ஆறு நிமிஷம் இபு" என்றாள் வினார்த்தி. பொய் சொல்ல அவளிடம் தெம்பு இல்லை.

"ஆறு நிமிஷத்துல முடியற வேலைக்கா வாரக்கணக்குல இழுத்தீங்க?" இபு ரெத்னோ தலையை ஆட்டிக்கொண்டார். "உன் வீட்டுக்காரர் கெட்டிக்காரர்தான். அடுத்த வருஷம் அவரையே முதல்லேர்ந்து எல்லாத்தையும் பண்ணச் சொல்லு. நீ எதுக்கு நடுவுல கையை வெச்சுக்கிட்டு?"

வினார்த்தி பென் டிரைவைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். குனிந்து வணக்கம் சொல்லிவிட்டு வெளியே வந்தாள். பள்ளி வாசல் மாமரத்தடியில் நின்று, கைக்குட்டையை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்தாள். அழுகிறாளோ என்று நினைத்தேன். இல்லை.

"அடுத்த வருஷமும் வேலை இருக்குல்ல, அது போதும்" என்றேன்.

"இருக்கு அக்கா, இல்லைன்னு சொல்லல. ஆனா யோசிச்சுப் பாருங்க. பதினோரு வருஷமா இந்த மனுசன் தோத்துக்கிட்டே இருந்தாரு, நான் எப்படியோ சமாளிச்சுக்கிட்டு இருந்தேன். இன்னைக்கு ஒரே ஒரு தடவை ஜெயிச்சுட்டாரு. இனிமே இவரை வெச்சுக்கிட்டு நான் எப்படிக் குடித்தனம் பண்ணுவேன்?"

ஸ்கூட்டரை உதைத்தேன். அவள் பையில் கைபேசி அடித்தது. எடுத்துப் பார்த்துவிட்டு, எனக்கும் கேட்கட்டும் என்று ஒலியைத் திறந்துவிட்டாள்.

"திக், வாங்கிக்கிட்டாங்களா? நல்லது. சரி, வரும்போது ஒண்ணு வாங்கிட்டு வா. மறந்துராத. பச்சை நகப்பூச்சு."